அக்கா எழுதிய கார்டும் நான் எழுதிய மூன்று வரியும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. அக்கா நம்மைப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. திதி நெருங்கியபோது அக்காவின் மூத்த மகன் ஓசூரிலிருந்து என்னைத் தேடி வந்தான். "சித்தி, அம்மாவோட கூடப் பொறந்தவங்கன்னு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. நீங்கதான் எழுதணும்" என்று தாளையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போனான்.

அன்பானவர், பொறுமையானவர், யார் வந்தாலும் சோறு போட்டவர் என்று எழுதிக் கொடுத்தால் அப்படியே அச்சுக்குப் போய்விடும். அதில் பொய்யும் இல்லை. ஆனால் அக்காவைச் சிறு வயது முதல் ஒரு நாளும் விடாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். என்னை அப்படிப் பார்க்க வைத்தது பெரும்பாலும் பொறாமைதான். அதை மறைத்துவிட்டு எழுதினால், எனக்குத் தெரிந்த அக்காவில் பாதியை மறைத்தவளாவேன்.

அக்கா பிறந்தது சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு மேட்டுக்காட்டு ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். ராகியும் அவரையும் கொள்ளும் விளையும். நாங்கள் இரண்டே பெண்கள். அக்கா எனக்கு மூன்று வயது மூத்தவர். ஐந்தாவதோடு அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அவரைவிட ஒரு வகுப்பாவது கூடப் படிக்க வேண்டும் என்ற வீம்பில் நான் அழுது அடம்பிடித்து எட்டாவது வரை போனேன். இன்று நான் எழுதுகிறேன் என்றால் அந்த வீம்புதான் காரணம்.

ஆனால் வீட்டில் படிப்பைக் கேட்பார் யார்? அப்பா கழனியிலிருந்து வந்து உட்கார்ந்ததும், "பெரியவ கிண்டின களியா, சின்னவ கிண்டினதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை கழுவுவார். அக்கா கிண்டினால் களி கட்டி தட்டாது. உருட்டி வைத்தால் பளபளவென்று நிற்கும். என்னுடையதில் விரலுக்கு ஒரு கட்டி அகப்படும். அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அக்காவைக் கட்டிக்கொண்ட மாமா கட்டட மேஸ்திரி. அதிர்ந்து பேசாதவர். அந்தக் காலத்தில்தான் கிருஷ்ணகிரிக்கு மேற்கே தென்பெண்ணையில் அணை கட்டத் தொடங்கியிருந்தார்கள். மாமாவுக்கு அங்கே வேலை கிடைத்தது. வேலைக்காரர்களுக்கு வரிசையாகப் போட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்றைக் கொடுத்தார்கள். அக்கா கல்யாணமான ஒரே வருஷத்தில் தனிக்குடித்தனம் போய்விட்டார்.

என்னைக் காவேரிப்பட்டினத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்தார்கள். மாமனார், மாமியார், மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பதினான்கு பேர். நான் கடைசி மருமகள். விடிவதற்குள் மாட்டுக் கொட்டகை, பிறகு கிணற்றுத் தண்ணீர், பிறகு வயலில் இருப்பவர்களுக்குப் பெரிய சட்டியில் களி. தானிய அறைச் சாவி மாமியாரின் இடுப்பில் இருக்கும். என் மகன் ஒரு கை வேர்க்கடலை கேட்டால் நான் போய் அவரைக் கேட்க வேண்டும். அவர் இல்லையென்று சொன்னதே கிடையாது. ஆனாலும் கேட்க வேண்டுமே என்பதுதான் எனக்கு முள்ளாகக் குத்தும்.

என் மகன் முதல் அடி எடுத்து வைத்ததை நான் பார்க்கவில்லை. அந்த நேரம் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். மூத்த ஓரகத்தி கூவினார், வீடே கூடிச் சிரித்தது. நான் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வருவதற்குள் அவன் உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் எனக்கு நடித்துக் காட்டினார்கள். நானும் சிரித்தேன். உள்ளே மட்டும், அக்காவாக இருந்தால் தன் பிள்ளையின் முதல் அடியைத் தானே பார்த்திருப்பாள் என்று ஒரு கணக்கு ஓடியது.

அக்கா மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். மூத்தவனுக்கும் அடுத்தவளுக்கும் ஒரே துணியில் சட்டையும் பாவாடையும் தைத்துப் போட்டிருப்பார். தலை படிய வாரியிருக்கும். புடவையில் ஒரு கறை இருக்காது. ஒரு முறை என் ஓரகத்திகளுக்கு நடுவே உட்கார்ந்து, இன்றைக்கு என்ன சமைப்பது என்று யோசிப்பதிலேயே தனக்குப் பாதிப் பொழுது போய்விடுகிறது என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என்ன சமைப்பது என்று யோசிக்கும் உரிமை அந்த வீட்டில் எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

ஒரு முறை அக்காவின் லைன் வீட்டுக்குப் போய் ஒரு பகல் இருந்துவிட்டு வந்தேன். தகரக் கூரை, ஓர் அறை, ஒட்டினாற்போல் சமையல் இடம். அவ்வளவுதான். என் கண்ணில் பட்டது அலமாரியில் துடைத்து அடுக்கிய டப்பாக்களும், சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியும், கதவில் தொங்கிய பூட்டும்தான். அந்தப் பூட்டின் சாவி அக்காவின் முந்தானையில் முடிந்திருந்தது. திரும்பி வந்து என் வீட்டுக்காரரிடம் நாமும் தனியாகப் போகலாம் என்று நச்சரித்தேன். "அது அணை வேலை நடக்கிற வரைக்கும் குடுத்த வூடு. முடிஞ்சா காலி பண்ணிட்டுப் போகணும்" என்றார். எனக்கு அது காதில் ஏறவில்லை.

எங்கள் அம்மா காலமான மறு வருஷம் அக்கா மூன்றாவதாக உண்டாகியிருந்தார். கார்த்திகையில் எனக்கு ஒரு கார்டு வந்தது. மார்கழி நடுவில் பிரசவம் ஆகும் என்கிறார்கள், பிள்ளைகள் இரண்டையும் பார்த்துக்கொள்ள ஆளில்லை, மாமாவுக்கு விடுப்புக் கிடைக்காது, ஒரு பத்து நாள் நீ வந்து இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும் என்று எழுதியிருந்தார். அக்கா அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை.

நான் கார்டை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "போயிட்டு வா. அறுப்பு வேலைய நாங்க பாத்துக்கறோம். அம்மா இல்லாத பொண்ணு, நீதான் போகணும்" என்றார். இதை உறவினர்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் போகச் சொன்னார்.

நான்தான் போகவில்லை. இரண்டு நாள் அந்தக் கார்டை மடித்து வைத்துக்கொண்டு திரிந்தேன். எல்லாம் இருக்கிறவள்தானே, சொந்த வீடு, சொந்தச் சாவி, சொந்த அடுப்பு. இதையும் அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். இங்கே பதினான்கு பேருக்கு வேலை செய்து முடித்து, அங்கே போய் அவளுக்கும் வேலைக்காரியாக நிற்க வேண்டுமா என்றும் நினைத்தேன். மூன்றாம் நாள் ஒரு கார்டில் மூன்று வரி எழுதிப் போட்டேன். அறுப்பு நேரம். மாமியார் அனுப்ப மாட்டேன் என்கிறார். வருத்தப்படாதே. வீட்டிலே கேட்டதற்கு, அக்காவுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது, வர வேண்டாம் என்று எழுதிவிட்டாள் என்று சொன்னேன். இரண்டு பக்கமும் இரண்டு பொய்.

மார்கழி பிறந்து நாலைந்து நாளுக்குள், சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே அக்காவுக்கு வலி கண்டுவிட்டது. நடுப்பகல். மாமா அணையில். குடத்தை இறக்கி வைத்த இடத்திலேயே அக்கா உட்கார்ந்துவிட்டார், எழ முடியவில்லை. மூன்று வயது மகள் பயந்து போய் அழுதுகொண்டே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். அங்கே இருந்தவர் நாகம்மா. ஆந்திரத்துக் குப்பம் ஊர்ப் பக்கத்திலிருந்து அணைக்குக் கல் சுமக்க வந்த பெண். காலில் கல் விழுந்து நகம் பெயர்ந்ததால் அன்று வேலைக்குப் போகவில்லை. அவர் மட்டும் அன்று வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை.

குழந்தைக்குக் கொடி சுற்றியிருந்தது. நாகம்மாதான் பிரித்து எடுத்தார். மருத்துவச்சி வந்து சேர்ந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது, அக்கா மயங்கிக் கிடந்தார். அக்காவுக்கு உதிரம் நிற்க வெகு நேரம் ஆனதாம்.

நாலாம் நாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் கற்கண்டுப் பொட்டலம். பெண் குழந்தை, இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள் என்று சொல்லி, நடந்ததையும் சுருக்கமாகச் சொன்னார். என் மாமியார் வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். மாமா தண்ணீர்ச் சொம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்துப் பேசினார்.

"ஒரு வார்த்தை கேக்கறேம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பத்து நாளு தங்கச்சிய அனுப்பியிருக்கலாம் இல்லீங்களா. நீங்க அனுப்ப மாட்டேன்னுட்டீங்கன்னு கார்டு வந்ததுமே அவ மனசு விட்டுட்டா."

முறம் நின்றது. மாமியார் தலை நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். மூத்த ஓரகத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமியார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"ஆமாங்க. அறுப்பு நேரம், ஆளில்ல. நான்தான் வேண்டாம்னுட்டேன். தப்புதான். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். பிறகு குனிந்து புடைக்கத் தொடங்கினார்.

மாமா அன்று எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் போனதும் மாமியார் என்னை அடிப்பார், விரட்டுவார் என்று நினைத்துச் சமையல்கட்டில் நின்றேன். அவர் தானிய அறையைத் திறந்து ராகி மாவு, நல்லெண்ணெய், பூண்டு, வெல்லம் என்று எடுத்துக் கட்டி என் முன்னால் வைத்தார். "காத்தால பஸ்ஸுக்குப் போ. அவ எழுந்து நடக்கற வரைக்கும் இரு" என்றார்.

கிருஷ்ணகிரி வரை பஸ், அங்கிருந்து அணைக்குப் போகும் லாரியில் இடம் கேட்டு, மகனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் அக்காவிடம் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டே போனேன். போய் நின்றால், நாகம்மா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே படுத்திருந்த அக்கா தெலுங்கில் ஏதோ சொல்ல, நாகம்மா பதில் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அக்கா தெலுங்கு பேசி நான் கேட்டது அன்றுதான். செய்த தப்புக்கு அழ வேண்டிய இடத்தில் எனக்கு வந்தது புதிதாக ஒரு பொறாமை. என் அக்காவோடு நான் உட்கார வேண்டிய இடத்தில் கல் சுமக்கிற ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே என்று அப்போது நினைத்தேன். அந்த நாளில் அவரை 'அவள்' என்றுதான் சொல்வேன். இந்தக் கட்டுரையில் 'அவர்' என்று எழுதுகிறேன்.

மூன்று வாரம் இருந்தேன். அப்போதுதான் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரிந்தது. மார்கழிப் பனி இறங்கிக் காலையில் தகரத்தின் உள்பக்கம் சொட்டும். பகல் ஏற ஏற அடுப்புக்குள் இருப்பதுபோலக் காயும். கல் உடைக்க வெடி வைக்கும்போதெல்லாம் குழந்தை திடுக்கிட்டு அழும். குழாய் லைனின் கடைசியில். அங்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, தூளியில் கிடக்கும் குழந்தையைப் பார்க்க ஓடி வந்து, திரும்பிப் போனால் குடம் கடைசிக்குத் தள்ளப்பட்டிருக்கும். துடைத்த டப்பாக்கள்மேல் அரை மணியில் கல்தூசி படியும். அக்கா அவற்றை ஒரு நாளைக்கு மூன்று முறை துடைத்திருக்கிறார். மாமா களைத்து வந்து, சாப்பிட்டு, அப்படியே தூங்கிவிடுவார். அக்காவிடம் பேச அந்த வீட்டில் பெரியவர்கள் வேறு யாருமில்லை.

ஒரு நாள் நாங்கள் இருவரும் ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தோம். அக்காவுக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு என்றால் உயிர். இருவர் கையும் ஒரே பாத்திரத்தில். அம்மா இருந்த காலம் போல இருந்தது. அப்போது அக்கா, மூத்தவன் நடக்கத் தொடங்கிய நாளைப் பற்றிச் சொன்னார்.

"கூப்புட்டுக் காட்ட ஆளில்லடி. லைன் பூராவும் வேலைக்குப் போயிருந்தாங்க. பூட்டின வூட்டையெல்லாம் போய்ப் பாத்துட்டு வந்து, நானே கை தட்டினேன்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பருப்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமியார் தடுக்கவில்லை, நான்தான் பொறாமையில் வரவில்லை, பழியை அவர் தலையில் போட்டேன் என்றேன்.

அக்கா பிதுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"உங்க மாமியா விடலைன்னா நீ அவங்களத் திட்டி நாலு பக்கம் எழுதியிருப்ப. கார்டுல மூணே வரி இருந்துச்சு."

நான் அழுதேன். மன்னித்துவிட்டேன் என்று அக்கா சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "எனக்குக் கோவம் இருக்குது. போறப்போ போவட்டும். மாமாகிட்ட சொல்லாத, அவருக்கு உன்மேல இருக்கிற மரியாதை போயிடும்" என்றார். அக்கா எவ்வளவு பொறுமைசாலி என்று பலரும் இந்த மலரில் எழுதியிருப்பார்கள். அவர் கோபப்படவும் தெரிந்தவர். அந்தக் கோபம் ஏறக்குறைய இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷமும் எனக்குக் கார்டு எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால் தனக்கு ஏதாவது வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்காது. பிறகு ஒரு கார்டில், அடுத்த முறை வரும்போது உங்கள் வீட்டு நெல்லிக்காய் ஊறுகாய் கொண்டுவா என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்து அழுதேன்.

காவேரிப்பட்டினம் திரும்பியதும் மாமியாரிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "வூட்டுக்கு வந்தவரு முன்னால மருமகளப் பொய்க்காரியாக்கச் சொல்றியா? அதை விடு. கொட்டகையப் பாரு" என்றார். எனக்காகச் செய்தாரா, குடும்பப் பெயருக்காகச் செய்தாரா, தெரியாது. அதற்குப் பிறகு அவரிடம் போய்ச் சாவி கேட்டுக் கடலை வாங்குவது எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. மாமா மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தால் மாமியார் பரிமாறும்போது இலையில் குனிந்தே இருப்பார், முகம் கொடுத்துப் பேச மாட்டார். மாமியார் அவருக்குத்தான் முதலில் நெய் ஊற்றுவார். இருபது வருஷம் இதைப் பார்த்துக்கொண்டு நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அணை முடிந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னபடியே லைன் வீட்டைக் காலி செய்தார்கள். அக்கா குடும்பம் கிருஷ்ணகிரியில் வாடகை வீட்டுக்கு வந்தது. மாமா கட்டட வேலையில் அலைந்தார். அக்கா பிள்ளைகள் மூவரையும் படிக்க வைத்தார். பிற்காலத்தில் ஓசூரில் ஆலைகள் வந்தபோது மூத்த மகனுக்கு ஒன்றில் வேலை கிடைத்து, அங்கேயே வீடு கட்டி, அக்காவையும் மாமாவையும் அழைத்துக்கொண்டான். நாகம்மா தம் ஊருக்குப் போய்விட்டாலும், ஒவ்வொரு யுகாதிக்கும் தாம் எடுத்த குழந்தையைப் பார்க்க ஒரு பை மாங்காயுடன் வருவார். அக்கா வாசலுக்கே போய் நிற்பார். எனக்கு அப்படி நின்றாரா என்று நான் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். நின்றார். அது எனக்குப் போதவில்லை.

கடைசி மூன்று மாதம் அக்கா படுக்கையில் இருந்தார். நான் ஓசூருக்குப் போய்க் கூடவே இருந்தேன். கூப்பிடாமலே போனேன். நினைவு வருவதும் போவதுமாக இருந்த ஒரு பிற்பகலில் என் கையைப் பிடித்து, "நாகம்மா" என்றார். நாகம்மா காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் எனக்குப் பொறாமை வரவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. வந்தது. எண்பதை நெருங்கும் வயதில், சாகக் கிடக்கும் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, செத்துப்போன ஒருவர்மேல் பொறாமைப்பட்டேன். ஆனாலும் "ஏமக்கா" என்று கேட்டேன். என்னக்கா என்பதை நாகம்மா தெலுங்கில் அப்படித்தான் கேட்பார். அக்கா தண்ணீர் கேட்டார், ஊட்டினேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வாரம் எங்களை விட்டுப் போனார்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு. அக்காவை முகம் சுளிக்காமல் கழுவித் துடைத்த மருமகளுக்கும் மகள்கள் இருவருக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், தூக்க ஆள் வேண்டும் என்றதும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து நின்ற பேரன்களின் நண்பர்களுக்கும், கருமாதிக்கு வந்து சாமான் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போன தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. குப்பத்திலிருந்து காரியத்துக்கு வந்திருந்த நாகம்மாவின் மகளுக்கு, அன்று வாய் வராமல் விட்ட நன்றியை இங்கே எழுத்தில் சொல்கிறேன். உங்கள் அம்மா இல்லையென்றால் எனக்கு அக்கா இருந்திருக்க மாட்டார்.

இன்னும் ஒருவர். அக்காவின் மூன்றாவது பிரசவத்தின்போது என்னை என் மாமியார் அனுப்ப மறுத்துவிட்டார் என்று நம் உறவில் இன்றும் பேசப்படுகிறது. அக்காவின் பிள்ளைகளும் அப்படியே நம்பி வளர்ந்தார்கள். என் மாமியார் அந்தப் பேச்சோடுதான் போய்ச் சேர்ந்தார். அவர் என்னை அனுப்பத் தயாராக இருந்தார். நான்தான் போகவில்லை.

இப்படிக்கு,
அக்காவின் தங்கை